ஒரு நூல் தண்ணீர்

"இருபத்திரண்டு நாள் ஆகும்" என்றார் கொத்தனார்.

டெலிபோனம்மா அவருக்குக் கொண்டுவந்த டீயைக் கொடுக்க மறந்து நின்றாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரு குளியலறையைப் பற்றி. ஐந்தடி அகலம், ஏழடி நீளம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க வேண்டும்.

"கொத்தனாரே, நான் வீடு கட்டச் சொல்லலை. பாத்ரூமை மாத்தத்தான் சொன்னேன்."

"தெரியும்மா."

"முந்தாநேத்து வந்தவர் ஏழு நாள்னார். அவருக்கு முன்னாடி வந்தவர் அஞ்சே நாள்ல சாவியைக் கையில கொடுக்குறேன்னார்."

"கொடுப்பாங்க. சாவி கொடுக்குறது சுலபந்தானே."

அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்ற அவர் மனைவிதான் சிரித்தாள். அவளே அவருக்குச் சித்தாள். கல் சுமப்பதும் கலவை போடுவதும் அவள் வேலை. தெருவில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். மெச்சி வைத்த பெயர் இல்லை அது. அவரிடம் வேலை கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்தது.

டெலிபோனம்மா காத்திருந்து பழகியவள் இல்லை, மற்றவர்களைக் காக்க வைத்தவள். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபீசில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, 'ஒரு நிமிஷம் லைன்ல இருங்க' என்று ஊரையே நிறுத்தி வைத்தாள். ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் அந்த ஒரு நிமிஷம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

முன்னறையில் கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும் என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். நாற்பது நாளுக்கு முன்னால் அதே குளியலறையின் வாசல்மேட்டில் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே இரும்பு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் பத்தடி நடக்கலாம். மாடிப்படி இறங்கக் கூடாது. குத்தவைக்கக் கூடாது. வீட்டில் இருந்ததோ அந்தக் குளியலறைக்குள் ஒரே கழிப்பறை, அதுவும் குத்தவைக்கிறது. வாசலில் ஒரு சாண் மேடு. கதவு அகலத்தில் ஊன்றுகோல் நுழையாது. ஆக, அவருக்கு எல்லாமே கட்டிலில்தான். ஒரு பாத்திரம், ஒரு பாட்டில்.

"கொத்தனாரே" என்று அவர் கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார். "இருபத்திரண்டை எப்படிக் கூட்டினீங்க?"

கொத்தனார் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார்.

"உடைக்க ரெண்டு நாள் ஐயா. வாசலை அகலமாக்கி மேட்டை எடுக்க ஒரு நாள். குழாய் பதிக்க ரெண்டு. பூச ஒண்ணு. கசிவு அடைக்கிற மருந்து ரெண்டு கை அடிக்கணும், அது ஒண்ணு. டைல்ஸ் ரெண்டு நாள். உட்கார்ற பீங்கானும் பிடிகம்பியும் மாட்ட ஒண்ணு. கைவேலைன்னு பாத்தா பத்து நாள்தான்."

"அப்ப மீதிப் பன்னெண்டு?"

"காயற நாள். பூச்சு காயணும், மருந்து காயணும், தண்ணி கட்டி மூணு நாள் பாக்கணும், டைல்ஸ் ஒட்டினது இறுகணும். அன்னைக்கெல்லாம் நான் வர மாட்டேன். வந்தா எதையாவது தொடத் தோணும்."

டைம்கீப்பர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"இவருக்கே கொடு."

"என்னங்க நீங்க. இருபத்திரண்டு நாளுங்க."

"ஓடுற நேரம்னு ஒண்ணு, நிக்கிற நேரம்னு ஒண்ணு. ஓடுறதை மட்டும் கூட்டி எழுதுனா எந்த வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்து சேராது. நிக்கிறதையும் கூட்டுனவர் இவர் ஒருத்தர்தான்."

டெலிபோனம்மா அதற்குமேல் வாதாடவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

*

உடைக்கிற இரண்டு நாளும் வீட்டில் பேச்சே கேட்கவில்லை. நனைத்த போர்வையை வாசலில் தொங்கவிட்டும் தூசி அடங்கவில்லை. கஞ்சியில், தலையணையில், டைம்கீப்பரின் புருவத்தில் எல்லாம் வெள்ளையாகப் படிந்தது. தரையில் ஒரு அடுக்கு டைல்ஸை உடைத்தால் அடியில் இன்னொரு அடுக்கு இருந்தது. பழையதை எடுக்காமல் அதன்மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தான் எவனோ.

"அஞ்சு நாள்ல சாவி கொடுத்தவரா இருக்கும்" என்றாள் சித்தாள், இடிந்த கல்லைத் தட்டில் அள்ளிக்கொண்டே.

பதினேழு படி. ஒவ்வொரு தட்டையும் தலையில் வைத்து அவள்தான் இறக்கினாள். மத்தியானம் சுவரோரமாக உட்கார்ந்து டெலிபோனம்மா கொடுத்த கஞ்சியைக் குடிக்கும்போதுதான் அவள் வாய் திறக்கும்.

"இவரு எல்லாத்துலயும் இப்படித்தாம்மா. கல்யாணம் ஆன புதுசுல எனக்கும் இவருக்கும் ஒரு சண்டை. மூணு நாள் மூஞ்சி குடுத்துப் பேசலை. நாலாம் நாள் வந்து பேசுறாரு. ஏன்யா இத்தனை நாள்னு கேட்டா, 'இறுகட்டும்னு விட்டேன்'ங்குறாரு."

"இறுகிச்சா இல்லையா" என்றார் கொத்தனார், கஞ்சியிலிருந்து தலையெடுக்காமல்.

"இருபது வருஷமா விரிசல் இல்லை. அதை ஒத்துக்கணும்."

உள்ளே டைம்கீப்பர் சிரிக்கிற சத்தம் கேட்டது.  அப்புறம் ரொம்ப நாளைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஏனென்றால் மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் கழிப்பறையே கிடையாது. கீழே தையற்கடைக்காரி தன் கொல்லைக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தாள். நல்ல மனசு. இத்தனைக்கும் பழைய குளியலறை ஒழுகி ஒழுகி அவள் கடைக்கூரையில் வரைபடம் மாதிரிக் கறை போட்டிருந்தது; அதன் கீழே துணி வைக்காமல் ஒதுக்கி வைத்துப் பல வருஷமாகச் சமாளித்தவள் அவள். ஆனால் மாடிப்படி இறங்குவது அவள் கடைக்குள்ளேதான். இரண்டு தையல் எந்திரம், அளவு கொடுக்க வருகிறவர்கள், பள்ளிச் சீருடைக்குக் காத்திருக்கும் தாய்மார்கள், எல்லாரையும் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். டெலிபோனம்மா பாத்திரத்தின்மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடி, முந்தானையால் ஒரு பக்கம் மறைத்து, ஒவ்வொரு படியாக இறங்குவாள். கடைக்குள் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அவள் தாண்டும்போது மட்டும் நின்றுவிடும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எழுந்து வழிவிடுவார்கள். அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் ஜன்னலைத் துடைக்கப் போனாள். கட்டிலை ஒட்டிய ஜன்னல் அது. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கள்ளிச்செடி ஒன்று இருந்தது. டிப்போவிலிருந்து அவர் கொண்டுவந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கால் டம்ளர் தண்ணீர் போதும் அதற்கு. துணி பட்டதும் அது சாய்ந்தது. நிமிர்த்தப் பார்த்தாள். அடித்தண்டு வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி விரலோடு வந்துவிட்டது. டப்பாவில் மண் சேறாக இருந்தது.

அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே, வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துப்போகும் நர்ஸ் வந்தாள். தையல் தழும்பைப் பார்த்தாள், காலை மடக்கி நீட்டினாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள் டெலிபோனம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஐயா தண்ணி குடிக்கிறாரா?"

"கொடுக்குறேனே. மணிக்கு ஒரு டம்ளர்."

"கொடுக்குறீங்க சரி. யூரின் கட்டன் டீ நிறத்துல போகுதும்மா. நாக்கெல்லாம் வறண்டு கிடக்கு. இந்த வயசுல இப்படியே விட்டா திரும்பவும் ஆஸ்பத்திரிதான். போன தடவை மாதிரி நடந்து வருவார்னு சொல்ல முடியாது."

டெலிபோனம்மா அவரிடம் கேட்கவில்லை. என்னவென்று கேட்பாள்? பாத்திரத்துக்குக் கூச்சப்பட்டுத் தண்ணீரைச் செடியில் கொட்டுகிற மனுஷனிடம் அதைச் சொல்லிக் காட்டினால், கஞ்சியையும் சேர்த்தல்லவா கொட்டுவார். ஒரே வழிதான் தெரிந்தது அவளுக்கு. அந்த அறை சீக்கிரம் முடிய வேண்டும். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவர் தானாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"கொத்தனாரே, மருந்து காய நாலு நாள் எதுக்கு? வெயில் இப்படிக் கொளுத்துதே. ரெண்டு நாள் போதாதா?"

"மேல காஞ்சிருக்கும்மா. உள்ள காயணும்."

"ஃபேன் வைக்கட்டுமா?"

"வைக்காதீங்க. அவசரப்படுத்துனா வெடிக்கும்."

சொன்னதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காயற நாளில் அவர் நிழல்கூடத் தெருவில் தெரியாது.

*

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கட்டினார்கள். வாசலில் செங்கல் வைத்துக் கலவை பூசித் தற்காலிகமாக ஒரு தடுப்பு. வடிகுழாய் வாயில் துணிமூட்டை. அறைமுழுக்க நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கண்ணாடி, டைல்ஸ் எதன்மேலும் எழுதும் மெழுகுப் பென்சில், சிவப்பு. நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் ஒரு கோடு இழுத்தார்.

"மூணு நாள். தண்ணி இந்தக் கோட்டுல நிக்கணும். கீழ இறங்குனா கசியுதுன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா பதினாறாம் நாள் டைல்ஸ்."

அந்த மூன்று நாளும் அனல்காற்று. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டியது. குளியலறையின் மேற்குப்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக வெயில் வந்து தண்ணீரில் விழுந்து, எதிர்ச்சுவரில் நெளிந்துகொண்டிருக்கும். டெலிபோனம்மா அதைப் பார்ப்பதில்லை. கோட்டைத்தான் பார்ப்பாள்.

தண்ணீர் கட்டிய மறுநாள் மத்தியானம் கோட்டுக்குக் கீழே ஈரச்சுவர் ஒரு கீற்றாகத் தெரிந்தது. கொத்தனார்கள் கணக்கில் ஒரு நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அவள் அங்கேயே நின்றாள். கசிகிறது என்றால் மறுபடியும் மருந்து, மறுபடியும் நாலு நாள் காயவிடுவது, மறுபடியும் மூன்று நாள் தண்ணீர். விரலை மடக்கி எண்ணினாள். பிறகு சமையலறைக்குப் போனாள். ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். தடுப்புக்கு மேலே வாளியைச் சாய்த்து, சத்தம் வராமல், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல ஊற்றினாள். தண்ணீர் மெல்ல ஏறிக் கோட்டைத் தொட்டது.

அடுத்த நாள் இரண்டு நூல் இறங்கியிருந்தது. ஒன்றரை வாளி. அதற்கு மறுநாள் காலையில் அரை வாளி.

அவள் வாழ்க்கையில் திருடியதில்லை, பொய்ச்சாட்சி சொன்னதில்லை. தண்ணீரில் தண்ணீர் ஊற்றுவது எதில் சேர்த்தி என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் காலை கொத்தனாரும் சித்தாளும் வந்தார்கள். சித்தாள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

"அப்படியே நிக்குதுய்யா. கோட்டை விட்டு அசையலை."

கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்தார். முகத்தைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். விரலைக் கோட்டில் வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"என்ன பாக்குறீங்க? சரியாத்தானே இருக்கு" என்றாள் டெலிபோனம்மா.

"சரியாத்தாம்மா இருக்கு." அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ரொம்பச் சரியா இருக்கு. முப்பது வருஷமா தண்ணி கட்டுறேன். நல்லா நிக்கிற தரையிலயும் மூணு நாள்ல ஒரு நூல் இறங்கும். வெயில் குடிக்கும், காத்து குடிக்கும். இந்தக் காத்துல ஒண்ணரை நூலே இறங்கலாம். இதுல ஒரு சொட்டுக்கூட யாரும் குடிக்கலை."

 கீழே தையல் எந்திரம் ஓடுவது கேட்டது.

"வீட்டுல யாராவது தெரியாத்தனமா ஊத்துனாங்களாம்மா?"

"வீட்டுல யாரு இருக்கா? அவரும் நானும்."

"ஊத்தலையே?"

"இல்லை."

கொத்தனார் தலையாட்டினார். "அம்மா சொன்னாச் சரி. நாளைக்கு டைல்ஸ் ஆரம்பிச்சுடலாம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து தண்ணியைத் திறந்து விடுறேன்." சித்தாளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இந்த வீட்டில் வேலை செய்யும் நாளில் அவர் வெளியே டீ குடித்ததே இல்லை.

"இங்க வா" என்றார் டைம்கீப்பர்.

அவள் போய்க் கட்டிலருகே நின்றாள்.

"முந்தாநாள் மூணு அஞ்சுக்கு ஒரு வாளி. நேத்து ரெண்டு இருபதுக்கு ஒண்ணரை. இன்னைக்கு ஆறு பத்துக்கு அரை வாளி. சரியா எழுதியிருக்கேனா?"

அவளுக்கு முகம் சுட்டது. "படுத்த இடத்துல வாளியில எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"பாரம் தூக்குனா இடது காலை இழுத்து வைப்பே. முப்பத்தெட்டு வருஷமாக் கேக்குறேன்." அவர் குரலில் கோபம் இல்லை. உதடு வெடித்திருந்தது, பேசும்போது ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. "அந்த மனுஷன் முகத்துக்கு நேரா இல்லைன்னுட்டியே. கீழ அந்தப் பொண்ணு தலையில ஒழுகும். மறுபடி உடைக்கணும். எதுக்கு இந்த வேலை?"

அவள் திரும்பி நடந்தாள். சமையலறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். சாய்ந்த கள்ளி, கறுத்த அடித்தண்டு, அழுகல் நாற்றம்.

"முதல்ல இதுக்குச் சொல்லுங்க. கள்ளிச்செடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?"

டைம்கீப்பர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் தவறி வந்த ஓட்டுநர்கள் அவர் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி இருந்தது அவர் முகம்.

"நான் ஊத்துனது தப்பு. நீங்க கொட்டுனது?" என்றாள். "நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனான்னு தெரியுமா? என்கிட்ட என்னங்க கூச்சம்? உங்க முன்னாடி நான் என்னைக்காவது கூச்சப்பட்டிருக்கேனா?"

"உன்கிட்ட இல்லை" என்றார்.

"பின்னே?"

அவர் டப்பாவை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீ அதைத் தூக்கிட்டு இறங்குறப்போ நான் படியை எண்ணுவேன். பதிமூணாவது படியில கீழ எந்திரம் நிக்கும். பேச்சு நிக்கும். நீ கடையைத் தாண்டுற வரைக்கும் ஒரு சத்தம் இருக்காது. ஊரே உன் குரலுக்குக் காத்துக்கிட்டு லைன்ல நின்ன காலம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப என் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு நீ போறேன்னு நிக்கிறாங்க. ஒரு டம்ளர் குறைச்சா ஒரு தடவை குறையும்னு பாத்தேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவர் உதட்டிலிருந்த வெடிப்பை முந்தானை நுனியால் ஒற்றினாள். பிறகு எழுந்து படியிறங்கினாள்.

*

கடைவாசலில் கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். டீ குடிக்கப் போகவே இல்லை அவர்.

"மூணு வாளி ஊத்துனேன் கொத்தனாரே" என்றாள் டெலிபோனம்மா. "மூணு நாள்ல. இன்னைக்குக் காலையிலயும்."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கடைக்குள் போய்க் கூரையைப் பார்த்தார்.

பழைய கறைக்குப் பக்கத்தில் கைக்குட்டை அளவுக்குப் புதிதாக ஓர் ஈரம். அதற்கு நேர் கீழே சீருடைத் துணிகளை நகர்த்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தது. அடியில் இரண்டு விரல் தண்ணீர்.

"இது எப்ப இருந்து?" என்றார் தையற்காரியிடம்.

அவள் எந்திரத்திலிருந்து கையை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து சாயங்காலம்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிங்க சொல்றது? ஐயா அப்படிக் கிடக்கார். அக்கா ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டிருக்காங்க. இத்தனை வருஷம் வாளி வச்சேன், இன்னும் கொஞ்ச நாள் வச்சுட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

கொத்தனார் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மேல ஒருத்தர் ஊத்துறாங்க, கீழ ஒருத்தர் பிடிச்சு வைக்கிறாங்க. நடுவுல நான் ஒருத்தன் கோடு போட்டுக்கிட்டு."

சித்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வடிகுழாய் கழுத்துல கசியுது" என்றார். "அந்த இடத்தை மட்டும் கொத்தி, திரும்ப மருந்து வைக்கணும். அம்மா, ஏழு நாள் கூடும். குறைச்சுச் சொல்ல என்னால ஆகாது."

"ஏழு நாள் வேணாம்னு நான் சொல்லலை" என்றாள் டெலிபோனம்மா. தையற்காரியைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். "அவர் தண்ணி குடிக்க மாட்டேங்கிறார்மா. நான் உன் கடை வழியா அதை எடுத்துட்டுப் போறேன்ல, அதுக்காக. நான் வர்றப்போ எந்திரம் நிக்கிறது அவருக்கு மேல கேக்குதாம்."

கடையில் இரண்டு பேர் அளவு கொடுக்க நின்றிருந்தார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

"மரியாதைக்குத்தாங்க்கா நிறுத்துறேன்" என்றாள் தையற்காரி, மெதுவாக. "நீங்க தாண்டுறப்போ கடகடன்னு ஓட்டிக்கிட்டிருந்தா நல்லா இருக்காதேன்னு."

"தெரியும்மா. எனக்குத் தெரியும்."

தையற்காரி எழுந்தாள். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்தாள். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து கொல்லைக்கதவு வரைக்கும் நாடாவைப் பிடித்துப் போனாள். பதினொன்றரை அடி. பிறகு உயரம். வாயில் ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டு, மீந்துபோன நீலச் சீருடைத் துணிக்கட்டை அலமாரியிலிருந்து உருவி மேஜைமேல் விரித்தாள்.

"நீங்க அளவு அப்புறம் கொடுங்க" என்றாள் வந்தவர்களிடம். "இது அவசரத் தையல்."

சாயங்காலத்துக்குள் திரை தொங்கியது. சித்தாள் ஆணி அடித்தாள். இறங்குகிறவருக்கும் கடைக்கும் நடுவே தரையைத் தொடும் நீலச்சுவர். அன்றைக்கு டெலிபோனம்மா பாத்திரத்தோடு இறங்கியபோது எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. தையற்காரி வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகவே மிதித்தாள்.

மேலே வந்தபோது டைம்கீப்பர் கேட்டார்: "இன்னைக்கு இறங்கவே இல்லையா நீ?"

"போய்ட்டு வந்துட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, இரண்டு லிட்டர் கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தில் கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கட்டிலருகே முக்காலியில் வைத்தாள்.

"அங்க கோட்டை விட்டு இறங்கக் கூடாது. இங்க இறங்கணும். ரெண்டையும் நீங்கதான் எழுதணும்."

*

இருபதாம் நாள் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். இந்தத் தடவை காவல் டைம்கீப்பர். பழைய டிப்போ நோட்டு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அவளை அளவுகோலோடு அனுப்பினார். அவள் வாசலிலிருந்து அளவைச் சொல்ல, அவர் எழுதினார். பக்கத்திலேயே கூஜாவின் கணக்கும். முதல் நாள் முக்கால் லிட்டர். மறுநாள் ஒன்றே கால். பாட்டிலைத் தூக்கிப் பார்த்த நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் அதைக் கீழே வைத்தாள். டெலிபோனம்மாவுக்கு அது போதும்.

மூன்றாம் நாள் கொத்தனார் குத்தவைத்துப் பார்த்தார்.

"ஒரு நூல்" என்றார்.

"ஒரு நூல்னுதான் இங்கயும் இருக்கு" என்றார் டைம்கீப்பர் உள்ளேயிருந்து.

"அது காத்து குடிச்சது. குடிக்கட்டும்." கொத்தனார் வடிகுழாய் வாயிலிருந்த துணிமூட்டையை உருவினார். தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கியது. கீழே தையற்காரி வாளியைக் கவிழ்த்துக் காட்டிக் கத்தினாள். உலர்ந்திருந்தது.

அப்புறமும் நாள்கள் போயின. டைல்ஸ் ஏறியது, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தார்கள், பிடிகம்பியில் கொத்தனார் தானே தொங்கிப் பார்த்தார். 'இந்தப் புளிமூட்டையையே தாங்கிடுச்சு, ஐயாவைத் தாங்காதா' என்றாள் சித்தாள். டெலிபோனம்மா ஒருநாளும் 'இன்னும் எத்தனை நாள்' என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியம் எல்லாம் இல்லை. வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வாள்.

இருபத்தொன்பதாம் நாள் காலை. டைம்கீப்பர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். அவள் பின்னாலேயே போனாள். வாசலில் மேடு இல்லை. முன்னறைத் தரையும் குளியலறைத் தரையும் ஒன்றாகவே ஓடின. நாலு காலும் தடங்கலில்லாமல் உள்ளே போயின. அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ அங்கயே இரு."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாற்பது நாளும் அதற்குமேல் இருபத்தொன்பது நாளுமாக அந்த வீட்டில் அவர் ஒரு கதவைச் சாத்தியதில்லை.

அவள் சுவரில் கைவைத்து நின்றாள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கம்பியில் கை உரசுவது கேட்டது. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. அவள் 'என்னங்க' என்று கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் இருந்தாள். முன்னறைக் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு தண்ணீர் பாயும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. முகம் கழுவித் தலையெல்லாம் ஈரமாக அவர் வாசலில் நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பாக்கலையே" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஊன்றுகோலை ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். கூஜாவைத் தன் பக்கம் இழுத்து, டம்ளர் நிறைய ஊற்றி, அவளைப் பார்த்தபடியே முழுவதையும் குடித்தார். இன்னொரு டம்ளர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"நீ குடிச்சு எத்தனை நாளாச்சு?"

அவளுக்கு அப்போதுதான் தொண்டை வறண்டிருப்பது தெரிந்தது. அவளும் இந்த ஒரு மாதமாகப் பதினேழு படி இறங்கச் சோம்பித் தண்ணீரைக் குறைத்தே குடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே வாங்கிக் குடித்தாள். கூஜாவில் மட்டம் கோட்டை விட்டு நாலு விரல் இறங்கியிருந்தது.